அண்ணி கண்ணுக்கு மட்டும்

வாலு என்றுதான் அலுவலகத்தில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். அண்ணன் வைத்த பட்டப்பெயர். அவனும் அங்கேதான் வேலை பார்த்தான். மழைக்காலத்தில் ஒரு நாள் பைக்கில் கிளம்பியவன் விபத்தில் இறந்துபோனான், வீடு வந்து சேரவில்லை. அண்ணி வாலுவின் குழுவிலேயே டெஸ்டர், எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவள்.

யார் கையில் என்ன வேலை இருக்கிறது என்று காட்டும் மென்பொருளுக்கு வாலு ஒரு புதுப் பக்கம் எழுதியிருந்தாள். அது பிரவுசரிலிருந்தே ஏபிஐ வழியாக சர்வரிடம் தகவல் கேட்கும். லாகின் செய்து பார்ப்பவருக்கு எதைப் பார்க்க அனுமதி உண்டோ, அது மட்டும் பதிலாக வரும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தவளை அண்ணி தன் மேஜைக்குக் கூப்பிட்டாள்.

"இது உன் வேலையா வாலு? இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்."

திரையில், 'பின்கதவுத் தாழ்ப்பாள் மாற்ற வேண்டும்' என்று ஒரு வேலை. பொறுப்பு, அண்ணன். நிலை, நடந்துகொண்டிருக்கிறது. கடைசியாகத் திருத்தியது இன்று காலை.

அண்ணனின் கணக்கை மூடி மாதக்கணக்காகிறது. வாலு தன் லாகினில் பார்த்தாள், இல்லை. குழுத்தலைவரைப் பார்க்கச் சொன்னாள், அவருக்கும் இல்லை.

"பழைய டேட்டா பிரவுசர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும் அண்ணி."

பிரவுசரில் சேர்ந்திருந்ததை அழித்துவிட்டு மறுபடி திறந்தாள். அசையாமல் அங்கேயே இருந்தது. கடைசியில், பார்ப்பவரின் அனுமதியை விட்டுவிட்டு, எதையும் பார்க்கக்கூடிய செயலியின் சொந்த அனுமதியில் சர்வரிலிருந்து கேட்டாள். அப்படியொரு வேலையே கிடையாது என்று பதில் வந்தது.

"தாழ்ப்பாள் விஷயம் வேற யாருக்குத் தெரியும் அண்ணி?"

"யாருக்கும் தெரியாது. அவர் பைக்கில கிளம்பின அன்னிக்குக் காலையில சொன்னேன். சாயங்காலம் வந்து மாத்துறேன்னார். அப்புறம் அதைத் தொட எனக்கு மனசே வரல."

அவள் சொல்லி முடிக்கும்போதே திரையில் அந்த வேலையின் நிலை மாறியது. 'முடிந்தது' என்று காட்டியது.

சாப்பாட்டை மறந்து இருவரும் வீட்டுக்கு ஓடினார்கள். பின்கதவில் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது. உள்பக்கமாகத் தாழ் போட்டிருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

அண்ணி அதைத் தடவிப் பார்த்தாள். "ஒரு ஸ்க்ரூ கோணல். சாட்சாத் உங்க அண்ணன் கைதான்." சிரிக்கப் போனவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அண்ணி திரையைப் பார்த்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. வாலு எட்டிப் பார்ப்பதற்குள் லேப்டாப்பைப் படக்கென்று மூடினாள்.

"புதுசா ஏதாவது வந்திருக்கா அண்ணி?"

"வந்திருக்கு. உனக்கு அதைப் பார்க்க அனுமதி இல்ல."