பித்தளைத் தகடு

மலேசியாவில் பெம்பான் ஊருக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டிய செக்குப் பட்டறையின் தகரக் கொட்டகையில் விடிவதற்குள் எள்ளின் நெடி ஏறியிருந்தது. தேவமலர் புதுக் குட்டிச் செக்கின் புனலில் எள்ளைக் கொட்டினாள். திருகுத்தண்டு முனகியது. நாலைந்து சொட்டு எண்ணெய் வழிந்ததும் எள் புனலின் கழுத்தில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கையை விட்டுக் கிளறினால்தான் இறங்கும். நேற்று அப்படிக் கிளறிய ரங்கசாமி அண்ணன், இரண்டு விரல் நுனிகளைத் தண்டுக்குக் கொடுத்துவிட்டு மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

தொழிலாளிகள் பழைய தகரத்தை வெட்டி வெட்டிப் பார்த்துச் செய்த முதல் மாதிரியில் கழுத்து அகலம். மேலே கம்பிவலையும் இருந்தது. முதலாளி தர்மேந்திரன் இரண்டையும் நீக்கினார். கழுத்து ஒடுங்கினால் செக்கு ‘ஸ்லிம்’மாக இருக்குமாம். வலை இருந்தால் ‘வடிவமைப்பு: தர்மேந்திரன்’ என்ற பித்தளைத் தகடு படத்தில் விழாதாம். உண்மையில் அவர் வடிவமைத்தது அந்தத் தகட்டை மட்டும்தான்.

இன்று அறிமுக விழா. ரத்தம் கழுவிய இடத்தில் பூச்சட்டி வைத்தாகிவிட்டது.

“மலர், நீதான் எள்ளு போடுற. சிரிச்சிக்கிட்டே போடுலா, டிவில வரும்” என்றார் முதலாளி.

“வலைய மாட்டுங்க பாஸ், போடுறேன்.” எத்தனையாவது முறை கேட்கிறாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது.

“அடுத்த மாடல்ல பாப்போம். ரங்கசாமிக்குக் கவனம் பத்தல.”

“இத வீட்டுக்கு வாங்கப்போற பொம்பளைங்களுக்கும் கவனம் பத்தாதா, பாஸ்?” என்றாள் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த அனுசியா.

“ஓ, எல்லாரும் எஞ்சினியர் ஆயிட்டீங்களா? தள்ளுங்க, நானே போடுறேன்.”

தங்கக் காப்பை மேலேற்றிக்கொண்டு எள்ளைக் கொட்டினார். கட்டிக்கொண்டது. முதலாளியின் கை புனலின் வாய்வரை கம்பீரமாகப் போயிற்று. உள்ளே தண்டு சுழன்றது. கை சற்று யோசித்துவிட்டு, மீசையைத் தடவத் திரும்பி வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தேவமலர் சுவிட்சை அணைத்துவிட்டுச் செக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அனுசியா உட்கார்ந்தாள்.

முதலாளி வங்காளதேசத்து ரஃபிக்கைக் கூப்பிட்டார். அவனுடைய வேலை பெர்மிட் அவர் கையில். “வா, சுவிட்ச போடு.”

ரஃபிக் சுவிட்சருகே வந்தான். அவன் போட்டுவிட்டாலும் அவனைக் குறைசொல்ல முடியாதென்று தேவமலருக்குத் தெரியும். அவன் தன் விரல்களைப் பார்த்தான்.

“தா போலே, போஸ்.” முடியாது என்று மலாயில் மெல்லச் சொல்லிவிட்டு, அனுசியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். “வலை போடு. அக்கா எள்ளு போடும்.”

வாசலில் கார்க் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

“எந்திரிங்க, மானம் போகுது” என்று முதலாளி கிசுகிசுத்தார்.

தேவமலர் எழவில்லை. வெல்டிங் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்த தினேஷ்வரனும் உட்கார, சற்று நகர்ந்து இடம் விட்டாள்.