கூட்ட அறைக் கதவில் அன்னம்

கூட்ட அறைக்குக் கதவு செதுக்க வந்த மரச்சிற்பிக்கு, மரத்தைவிட மேலாளரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் சிங்கம் கேட்டார். தலைமைக்கு அடையாளமாம். வரைந்து கொடுத்தாள். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சிங்கம் வேணாம்மா. ஆண் சிங்கம் படுத்தே கிடக்குமாம், வேட்டைக்குப் போறதெல்லாம் பொம்பளைதானாம். வீட்டுல சொல்றாங்க."

வீட்டம்மா விவரமானவர்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்து யானை, பலத்துக்கு என்றார். "தீனி போட்டு மாளாது சார்" என்று கணக்கர் சொன்னதும் அதுவும் போயிற்று. மயிலை அவரே தள்ளிவிட்டார். வழுக்கைத் தலைக்குக் கொண்டைப் பறவையா என்று யாராவது கேட்டுவிட்டால்? கடைசியில் அவருடைய மச்சான் வந்து அன்னத்தைச் சொன்னான்.

"பாலையும் தண்ணியையும் பிரிச்சுக் குடிக்கும் மாமா. நல்லது கெட்டது பிரிக்கத் தெரிஞ்சவருன்னு அர்த்தம்."

மேலாளர் பூரித்துப்போனார். இரண்டு வாரம் கழுத்து வலிக்க ஒரு ஜோடி அன்னத்தைச் செதுக்கினாள் அவள். ஒவ்வொரு இறகும் தனியாக எழும்பி நின்றது.

கதவை மாட்டிய அன்று ஊழியர்களுக்கு மச்சான் மறுபடி விளக்கம் சொன்னான். தேநீர் கொடுக்கும் அக்கா வெள்ளந்தியாகத் தலையாட்டினாள். "சரியாத்தான் இருக்கு. பாலை ஐயா எடுத்துக்குவாரு, தண்ணி நமக்கு."

சிரிப்பு மாடிப்படி வரை போனது. மேலாளரின் முகம் கறுத்தது.

"அதை வழிச்சு எடுத்துரு."

"ஆழமா செதுக்குனது சார். இழைச்சா கதவு தகடாயிரும்."

"சொன்னதைச் செய்."

பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

மறுவாரம் அவள் வார்னிஷ் பூச வந்தபோது உள்ளே கூட்டம் நடந்தது. அக்கா தட்டோடு வெளியே காத்திருந்தாள். இழைத்து மெலிந்த கதவு வழியாக மேலாளரின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

"பத்துப் பேரை இந்த மாசமே அனுப்பிரலாம். பேரைப் படிங்க."

கணக்கர் படித்தார். மூன்றாவது பெயர் அக்காவுடையது. சிற்பி தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போய் எல்லாரையும் கூட்டிட்டு வாங்கக்கா. மிச்சப் பேரை நான் கேட்டு வைக்கிறேன்."

மேலாளர் கதவைத் திறந்தபோது நடைபாதை முழுக்க ஆட்கள்.

"என்ன, யாருக்கும் வேலை இல்லையா?"

"அதைத்தான் கேக்க வந்தோம்" என்றாள் அக்கா.

சிற்பி பத்துப் பெயரையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். மேலாளர் மச்சானைப் பார்த்தார்; மச்சான் கணக்கரைப் பார்த்தான். ஒருவரும் நகரவில்லை. மதியத்துக்குள் பட்டியல் கிழிந்தது.

மேலாளர் இப்போது இரும்புக் கதவுக்குச் சொல்லியிருக்கிறார். அதில் ஈ, எறும்புகூட இருக்கக் கூடாதாம்.