தளத்தில் ஒரு தொட்டில் கொக்கி

மோகனூரில் எங்கள் புதுவீட்டுக்குக் கூரைத்தளம் போடும் நாள் அது. என் கணவர் சந்தோஷ்குமார் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில் இருந்தார். ஆகவே, வீட்டுக்காரர்கள் என்று அங்கே நின்றவர்கள் நானும் என் மாமியார் கண்ணாத்தாளும் மட்டுமே.

கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகடுகளின் மேல் கம்பிகளைக் கட்டி முடித்திருந்தார்கள். கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே சிறு சிமெண்டு வில்லைகளைச் செருகிக்கொண்டிருந்தார் மேஸ்திரி சென்றாயன் அண்ணன். கவர் பிளாக் என்று அவற்றுக்குப் பெயராம். அவை இல்லையென்றால் கம்பி தளத்தின் அடிப்பக்கம் எட்டிப் பார்த்துத் துருப்பிடித்துவிடுமாம். இவற்றையெல்லாம் அறிந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று என்னைக் கலக்கியது. விளக்குக் குழாயோ, ஃபேன் பெட்டியோ, கொக்கியோ, தளத்துக்குள் இருக்க வேண்டியது எதுவானாலும் கான்கிரீட் விழும் முன்பே வைத்துவிட வேண்டும்.

எனக்கு ஒரு கொக்கி வேண்டியிருந்தது, தொட்டில் கட்டுவதற்கு.

எனக்கு அப்போது இரண்டாம் மாதம். வீட்டில் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சென்ற முறை ஊர் முழுவதும் சொல்லி மகிழ்ந்தோம். பிறகு துக்கம் கேட்க வந்த அதே ஊருக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பும் எங்களுக்கே வந்து சேர்ந்தது.

“மூணு மாசம் முடியட்டும் கண்ணு. கொக்கின்னு கேட்டா மேஸ்திரிக்குத் தெரியாமயா போகும்? அப்பறமாத் துளை போட்டுக்கலாம்” என்றார் அத்தை.

நான் தயங்கித் தயங்கி மேஸ்திரியிடம் சென்றேன்.

“ஏனுங்கண்ணா, பின்னாடி துளை போட்டு ஒரு கொக்கி மாட்டிக்கலாமுங்களா?”

“மாட்டலாம் அம்முணி. பூத்தொட்டி தொங்கவிடலாம். ஆடற பாரம்னா கம்பியோட சேத்துக் கட்டிப்போடோணும். என்ன தொங்கப் போகுது?”

“பூத்தொட்டிதானுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ‘ஆடற பாரம்’ என்ற சொற்கள் மட்டும் என் கூடவே வந்தன.

சற்று நேரம் கழித்து, உள்ளறைக்கு இன்னொரு ஃபேன் கொக்கி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஒரு ரூமுக்கு ரெண்டு ஃபேனுங்களா? ஊட்டுக்காரருக்கும் உங்களுக்கும் தனித்தனிக் காத்தா?”

சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த சித்தாள் சரிதா அக்காவும் மற்றப் பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் தலைகுனிந்து திரும்பிவிட்டேன்.

கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. கூடத்தின் பக்கமிருந்து கான்கிரீட் பரவிக்கொண்டே வந்தது. மேஸ்திரி மேலே ஏறிவிட்டார். ஏணியில் ஏற எனக்கு அனுமதி இல்லை. கல்லூரியில் வருகைப் பதிவின்போது நான் சொல்லும் ‘உள்ளேன் ஐயா’ பேராசிரியரை எட்டியதே இல்லை. பக்கத்தில் இருப்பவள்தான் திருப்பிச் சொல்வாள். கான்கிரீட் உள்ளறையை எட்ட இன்னும் நான்கைந்து சட்டி தூரம்தான் இருந்தது. அந்தச் சன்னக் குரலை வைத்துக்கொண்டு கீழே நின்றபடியே கத்தினேன்.

“அண்ணா, கொக்கி!”

“ஃபேனுக்கு வெச்சாச்சு அம்முணி!”

“ஃபேனுக்கு இல்லீங்!”

“பின்ன எதுக்கு? கேக்கலீங்!”

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். “தொட்டில் கட்டறதுக்கு!”

அதே நொடியில் டீசல் தீர்ந்து இயந்திரம் நின்றது. என் குரல் எதிர்வீட்டுச் சுவர் வரை தனியாகப் போய் வந்தது. தெருவில் சைக்கிளில் போனவர்கூடக் காலை ஊன்றி நின்றார்.

“அட சாமி!” என்று சரிதா அக்கா சட்டியை இறக்கி வைத்தார். “அதான் காலையில டீயைக் கண்டு மூஞ்சியத் திருப்புனீங்களா!”

நான் அச்சத்தோடு அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

“அங்க என்ன வேடிக்கை? சன்னலோரம் வேண்டாமுங்க, சாரல் அடிக்கும். ஃபேனுக்கும் நேரா வேண்டாம். செவுத்துப் பக்கம் தள்ளி வெய்யுங்க.”

“அத்தை, ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு...”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது போ. எம்பேரப்புள்ளைக்கு இந்த ஊட்டுல எடம் புடிச்சாச்சு.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்றாயன் அண்ணன் தடித்த கம்பி ஒன்றை வளைத்து, தகட்டின் துளை வழியே கீழே விட்டு, இரண்டு பக்கமும் கம்பிகளோடு இறுக்கிக் கட்டி, கீழே இறங்கி வந்து அதைப் பிடித்துத் தொங்கியே காட்டினார். “ரெட்டைப் புள்ளையே பொறந்தாலும் தாங்கும் அம்முணி!”

டீசல் வந்தது. இயந்திரம் மீண்டும் ஓடியது. உள்ளறைப் பக்கம் வந்த ஒவ்வொரு சட்டியோடும் ஒரு குரல் எழுந்தது: “கொக்கி பாத்து! கொக்கி பாத்து!” எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே இருந்து என் அத்தையின் குரல் கேட்டது.