முந்தானை நெய்த கை

பிளஸ் டூவில் மார்க் அள்ளலாம் என்றுதான் ஹேமலதா தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தாள். "ஆரணியில பிரெஞ்சு படிச்சி இன்னாத்த கிழிக்கப் போற?" என்று கேட்காத வாய் இல்லை. அப்பா சந்திரமோகன் மட்டும் தறியில் நெய்தபடியே அவள் பாடத்தைத் திருப்பிச் சொல்வார்.

அவள் பிரெஞ்சில் எழுதிய கடிதத்தால்தான் பாரிஸ் அம்மாள் ஒருத்தியின் பட்டுப்புடவை ஆர்டர் வந்தது. முந்தானை மட்டும் மிச்சமிருக்க, அப்பா மாரடைப்பில் போய்விட்டார். முந்தானையைச் சித்தப்பா நெய்தார். சாவு வீட்டுப் புடவையை யார் கட்டுவார்கள்? அதனால் சாவை எழுதாமலே தபாலில் அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"புடவை அருமை. நேற்று உங்கள் அப்பா என் வீட்டுக்கு வந்திருந்தார். நன்றாகவே பிரெஞ்சு பேசினார், மகளிடம் கற்றாராம். முந்தானை மட்டும் தன் கை நெசவு இல்லையென்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்."

"இன்னாடி எழுதிக்கிறாங்க?" என்றாள் அம்மா.

"புடவை நல்லா கீதாம், ம்மா."

"இவ்ளோ பெரிய லெட்டர்ல அவ்ளோதானா?"

ஹேமலதா தலையாட்டினாள். தமிழே எடுத்திருக்கலாம் என்று அன்றுதான் அவளுக்குத் தோன்றியது.