பதினான்காம் தட்டு

பச்சை குத்தி மூன்றாம் நாள் அவளுக்கு அரிப்பு ஆரம்பித்தது. சாதாரண அரிப்பில்லை. சொத்தை எழுதி வைத்தாவது சொறிந்துகொள்ளலாம் என்று தோன்ற வைக்கிற அரிப்பு.

குத்திவிட்டவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "ரெண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவு. துடைக்காத, ஒத்தி எடு. மருந்தை மெல்லிசா பூசு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பாத. செதில் செதிலா உரியும், பிய்க்காத. தாங்க முடியலைன்னா மேலாகத் தட்டிக்கோ, அவ்வளவுதான்."

நுண்ணுயிரியல் படித்தவளுக்கு இதெல்லாம் போதுமா? முதல் நாளே வேலை செய்யும் இடத்திலிருந்த ஸ்பிரிட்டை ஊற்றிப் பார்த்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. போனில் சொன்னபோது அவன், "உன்னை யாரு படிக்க வெச்சது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அதனால் இப்போது தட்டிக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில், கோட்டின் முழுக்கைக்கு மேலாக, பட் பட் என்று.

"கொசுவாடி?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோருக்கும் அவள் ரேடியோ.

"ம்."

"இந்தக் குளிர்லயா? பாவம், அதுக்கும் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடு."

பதிலுக்கு அவள் சிரித்து வைத்தாள். பேச்சு அவளுக்கு வராது. நாலு பேர் இருக்கும் அறையில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி இருப்பதுபோல இருப்பாள். கையில் ஒரு படம் இருந்தால் பேச்சை அது பார்த்துக்கொள்ளும் என்றுதான் போய்க் குத்திக்கொண்டாள்: கல்லூரியில் மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்த வால் முளைத்த பாக்டீரியா. குத்தி முடித்த பிறகுதான் பரிசோதனைக்கூடத்தின் கதவில் தினமும் பார்க்கும் பலகை உறைத்தது: கையில் ஆறாத காயம் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது. காயம் என்றால் தானாக வருவது, காசு கொடுத்து வாங்கியது காயமாகாது என்று தன்னிடமே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லி, கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆனால் வால் பக்கம் கொஞ்சம் சிவந்த மாதிரி இருந்தது. யாரிடம் கேட்பது? அன்று மாலை, எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டாள். பஞ்சுக் குச்சியால் கையைத் தேய்த்து, கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றில் கோடாக இழுத்து, மூடினாள். எண்ணில்லாத தட்டு அங்கே கிருமி வளர வைக்கும் சூட்டுப்பெட்டியான இன்குபேட்டருக்குள் போகாது. அன்றைக்கு வந்திருந்தவை பதின்மூன்று மாதிரிகள். விரல் தானாகப் பதினான்கு என்று எழுதிவிட்டது. நாளைக்கு முதல் வேலையாக எடுத்துவிடலாம் என்று உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. அது அவள் நினைவிலேயே இல்லை.

அடுத்த நாள் வந்தபோது பரிசோதனைக்கூடம் இழவு வீடு மாதிரி இருந்தது. அவள் போன பிறகு ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீமிலிருந்து ஒரு மாதிரி வந்திருக்கிறது. பதிவேட்டில் அடுத்த எண் பதினான்கு. இப்போது பதினான்கு என்று இரண்டு தட்டுகள். ஒன்று துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். இன்னொன்றில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிச்ச வளையம். இரண்டு தட்டு இருந்தால் மோசமானதை நம்பு என்பது தலைமை அம்மாவின் கட்டளை. அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி.

"மனுசத் தோல்ல இருக்கற கிருமி இது," என்றார் பூதக்கண்ணாடி. எதிரே கலவைக்காரர் நின்றார். இருபது வருஷமாக ஐஸ்கிரீம் தொட்டியைக் கலக்குகிறவர். "கையுறை போடாம உள்ள கை விட்டிருக்கீங்க."

"சத்தியமா இல்லைம்மா. வீட்ல சாம்பார்லகூட நான் கை விடறதில்ல."

"ரெண்டாயிரம் லிட்டர். பதினோரு மணிக்குச் சாக்கடையில ஊத்தறோம். நீங்க கணக்கு முடிச்சுக்கிட்டுக் கிளம்புங்க."

மணி பத்தே முக்கால். கலவைக்காரர் தன் தொப்பியைக் கழற்றி, எதற்கோ மடித்து, பையில் வைத்தார். அந்த மடிப்புதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"அது நான்," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. ரேடியோவுக்கு மட்டும் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க! இவ பேசறா!"

அறை அடங்கியது. இனி வாயை நம்பிப் பயனில்லை என்று அவள் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். பாக்டீரியா பாதி உரிந்து, செதிலும் பளபளப்புமாக, எல்லோரையும் பார்த்தது.

"என்னடி இது," என்றாள் ரேடியோ, "மீசை வெச்ச வேர்க்கடலை?"

"முள்ளங்கிங்க," என்றார் கலவைக்காரர். வேலை போகிற நேரத்திலும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது.

அவள் தரையைப் பார்த்தபடி பஞ்சு, தட்டு, பதினான்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பூதக்கண்ணாடி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீழ் இருக்கா?"

"இல்ல மேடம்."

"சூடு? வலி? காய்ச்சல்?"

"அரிக்குது."

"ஆறுற புண்ணு அரிக்கத்தான் செய்யும். தோலைத் தேய்ச்சுத் தட்டுல வெச்சா கிருமி வராம பின்ன ஸ்ட்ராபெரியா வரும்? மூணு பேர்ல ஒருத்தர் மூக்குல இது குடியிருக்கு. பட்டம் எதுக்கு வாங்கினே, வீட்ல மாட்டறதுக்கா?"

பிறகு கலவைக்காரரிடம் திரும்பி, "தொப்பியைப் போடுங்க. ஸ்ட்ராபெரியை இன்னொரு தடவை சோதிக்கணும், அதுவரைக்கும் தொட்டியைத் திறக்காதீங்க," என்றார். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் வரவில்லை. கலவைக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, போகிற வழியில் அவளிடம் தாழ்ந்த குரலில், "முள்ளங்கி நல்லாருக்கும்மா," என்றார்.

"நான் கிளம்பட்டுமா மேடம்?"

"எங்க? பதினாலுன்னு ரெண்டு தட்டு கெடக்கு. யாரு பதில் சொல்றது? படிவம் எடு."

எடுத்தாள். பொருளின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. "எழுது," என்றார் பூதக்கண்ணாடி. இடது முன்கை என்று எழுதினாள். சுவை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். முடிவு என்ற கட்டத்தை அவரே நிரப்பினார்: பரிசோதனைக்கூடத்துக்குள் விடத் தகுதியில்லை. முழுதாக ஆறும்வரை கிடங்கில் பெட்டி எண்ணட்டும். சொறியக் கூடாது.

கையெழுத்துப் போட்டுவிட்டு, சந்தேகப் பெட்டிகளில் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கரை உரித்து அவள் கோட்டின் மேல் ஒட்டினார்.

'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்றிருந்தது அதில். கிடங்குக்குப் போகிற வழியெல்லாம் என்ன ஏது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் நின்று பதில் சொல்லிக்கொண்டே போனாள். நடுநடுவே பட் பட் என்று தட்டிக்கொண்டாள்.