பாட்டுக்கு அடியில்

கைக்குட்டையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை என் மேசைமேல் வைத்துவிட்டு, "இதுல அந்த ஆளு இல்லாம பண்ணிக் குடு" என்றாள் அக்கா. சனிக்கிழமை மத்தியானம். கண் கிளினிக்கில் அரைநாள் வேலையை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. டிஸ்க்கில் இருந்தது அவளுடைய கல்யாணம். ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. அந்த ஆள், போன வருஷம் வரைக்கும் நான் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவர்.

"இப்ப எதுக்குக்கா இது?"

"அப்பா நடமாடுற வீடியோ வேற எது இருக்கு நம்மகிட்ட?"

வேறு இல்லைதான். அப்பா லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர், யாராவது கேமராவைத் தூக்கினால் மட்டும் பாதியில் மாட்டிக்கொண்ட லிப்ட் மாதிரி அசையாமல் நின்றுவிடுவார். முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். அக்கா கல்யாணம் முடிந்து எட்டாவது மாதம், தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். யார் யாருடைய கல்யாணத்தையோ வெட்டி ஒட்டுகிறேன். எத்தனையோ பேருடைய அப்பாக்களின் முகத்தில் வெளிச்சம் கூட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டு டிஸ்க்கை மட்டும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். பயம்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, எடுத்த படம் அத்தனையையும் கணினியில் எடிட்டிங் டைம்லைனில் இறக்கினேன். ஆறு மணி நேரம், ஒரு முழம் அகலத்துக்குள் அடங்கிக் கிடந்தது. மேலே படங்களின் வரிசை, கீழே குரல்களின் வரிசை. பேசிய இடமெல்லாம் மேடு, பேசாத இடமெல்லாம் சமவெளி. பெரிதாக்கிக்கொண்டே போனால் ஆறு மணி நேரம் ஒரு மணி நேரமாகும், ஒரு நிமிஷமாகும், கடைசியில் ஒரே ஒரு கண் இமைப்பு திரை முழுக்க நிறைந்து நிற்கும். அந்த ஆழத்தில் இருக்கும்போது வெளியே தெரு இருப்பதே எனக்கு மறந்துபோகும்.

அக்கா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்தச் செவப்புக் கோடு என்ன, வாலு?" வயது முப்பதானாலும் அவளுக்கு நான் வாலுதான்.

"நாம நிக்கிற எடம்."

"ஒரு துண்டை எடுத்துட்டா அந்த எடம் காலியா கெடக்குமா?"

"வேணும்னா அப்படியே விடலாம். இல்லன்னா பின்னால இருக்கிறதெல்லாம் நகர்ந்து வந்து மூடிக்கும்."

"மூடிக்கட்டும்."

வெட்ட ஆரம்பித்தேன். மாமா வாசலில் இறங்குவது போனது. மாமா கை குலுக்குவது போனது. ஒவ்வொரு முறையும் மிச்சமிருந்த கல்யாணம் சத்தமில்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி, காயம் தெரியாமல் ஒட்டிக்கொண்டது. நடுவில் விரல் தவறிப் பின்னோக்கி ஓட்டும் விசையில் பட, விருந்தினர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார்கள். கொடுத்த பரிசுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அழுத அத்தையின் கண்ணீர் கன்னத்தில் ஏறிக் கண்ணுக்குள் போனது. "இப்படியே விட்டா நல்லா இருக்கு" என்று அக்கா முணுமுணுத்தாள். நான் நிறுத்தவில்லை. இருவரும் அந்தக் கல்யாணம் நடக்காமல் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலரை மணி இருக்கும், அந்தத் துண்டு கிடைத்தது. மேடைக்குப் பக்கத்தில் அப்பாவும் மாமாவும். அப்போது எங்களுக்கு வெட்டி ஒட்டிக் கொடுத்த வீடியோவில் இந்த இடத்தில் பாட்டு போட்டுவிட்டிருந்தார்கள். எடுத்தபடியே இருந்த இந்தப் படத்தில் பாட்டு இல்லை. மாமா ஏதோ சொல்ல, அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். ஒரு கை மாமாவின் தோளில், இன்னொன்றில் தண்ணீர் டம்ளர். வாயைப் பொத்தக் கை இல்லை. உடைந்த பல் பளிச்சென்று தெரிகிறது.

நான் படத்தைப் பெரிதாக்கி வலப்பக்கம் தள்ளினேன். மாமா விளிம்புக்கு வெளியே போனார். அப்பா மட்டும், யாருடைய தோளிலோ கை போட்டபடி சிரித்தார்.

"அவ்வளவுதான். குரலையும் எடுத்துடு."

"ஒரே மைக்குதான்கா. அவர் குரலை எடுத்தா அப்பா சிரிப்பும் போயிடும்."

"என்னதான் சொல்றாரு? சத்தமா வை."

வைத்தேன். மண்டபத்து இரைச்சலுக்கு நடுவே மாமாவின் குரல் தெளிவாக வந்தது. "மாமா, உங்க பொண்ணு கோவத்துல மேல ஏறிட்டா, கீழ எறக்க எந்த பட்டனை அமுக்கணும்?"

அப்பா சிரித்து முடிக்க ஐந்து நொடி ஆனது. நொடிக்கு இருபத்தைந்து என்று எண்ணிப் பார்த்தால் நூற்று இருபத்தைந்து படம். அதற்குப் பிறகு, "அதுக்கு பட்டன் வைக்கல மாப்ள. கதவைத் தொறந்து வச்சுட்டு நில்லுங்க. அதுவா வரும்."

அக்கா அதை இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை தானே விசையை அழுத்தினாள். அவள் அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அழவில்லை. அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாள் நின்னாரு" என்றாள்.

அவள் வீட்டில் என்ன நடந்தது என்று இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் கேட்டால் வாயை மூடிக்கொள்வாள் என்று தெரியும். கேட்கவில்லை.

"இதை எப்படி விட, அக்கா?"

"இருக்கட்டும். முழுசா இருக்கட்டும். இதை மட்டும் நகத்தாத."

படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். மாமா தோளோடு திரும்பி வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்தாளா, அப்பாவைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாக அசைந்தது.

அந்தத் துண்டுக்குப் பிறகு ஒரு நீளமான கிளிப் மட்டும் பாக்கி. கேமராக்காரர் கேமராவை ஏதோ ஒரு மேசையில் வைத்துவிட்டு அணைக்க மறந்திருக்கிறார். காலி மண்டபம், பாதி அணைந்த விளக்குகள். எங்கேயோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம். நிறுத்தப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும்."

நான்கு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மின்விசிறி மட்டும் சுழன்றது. பிறகு திரையின் ஓரத்திலிருந்து அக்கா வந்தாள். கல்யாண உடுப்போடு, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடியபடி. கேமரா ஓடுவது தெரியாத, இருபத்தெட்டு வயது முகம். நடு மண்டபத்துக்கு வந்ததும் தேடுவதை விட்டுவிட்டு நின்றாள். மெல்லத் தலையைத் தூக்கி மேலே எதையோ பார்த்தாள். அது திரைக்குள் இல்லை.

என் பக்கத்தில் இருந்த அக்காவும் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து, கழுத்தை நீட்டி, திரைக்கு மேலே இருந்த வெறும் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.