நேர்ந்துவிட்ட முடியில் பேன்

1

இந்தக் கதை பேனில்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்துக் கதை ஒன்று வேண்டும் என்று இராஜமாணிக்கம் கேட்டார். எங்கள் தொழிற்சங்க மலரைப் பார்த்துக்கொள்பவர் அவர். பேனா எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், எழுதுவது மட்டும் நாங்கள். சரி என்று எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் நாலு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் சயாம் ரயில் பாதை என்றார். இன்னொருவர் வாள் கட்டிய அதிகாரி என்றார். செல்லம்மா பால் வாளியைக் கழுவிக்கொண்டே, "ஜப்பான்காரன் காலமா? எனக்குப் பேன்தான் ஞாபகம்" என்றாள். மற்றதெல்லாம் எனக்கே தெரியும். பேன் தெரியாது. அதை எடுத்துக்கொண்டேன்.

(செல்லம்மா என்பது அவள் உண்மைப் பேர் இல்லை. உண்மைப் பேரைப் போட்டால் அந்த வாளியாலேயே அடிப்பாள்.)

"தலைப்பேனையா எழுதப் போறீங்க, அண்ணே? சங்கத்து மலர்லா இது!" என்றார் இராஜமாணிக்கம்.

போட முடியாது என்றால் போட வேண்டாம். காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் இறக்கி, அதைக் கொண்டுபோய்க் கொட்டி, வந்து உட்கார்ந்தால் எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. வயதான பிறகு படித்த கைக்கு அவ்வளவுதான் வேகம். அந்த வேகத்தில் விமானம் எல்லாம் எழுத முடியாது. பேன் எழுதலாம், அதுவும் மெதுவாகத்தான் ஊர்கிறது.

2

முதல் தொடக்கம்: "வானில் போர் விமானங்கள் இடியென முழங்க, சரித்திரச் சக்கரம்..."

விட்டுவிட்டேன். மந்தின் ஊருக்கு இந்தப் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்துக்கு மேலே விமானம் போனதைச் செல்லம்மா பார்க்கவே இல்லை. குனிந்து மரவள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாளாம்.

இரண்டாவது: "கருங்கூந்தல் காற்றில் அலைபாய, நீலாவதி என்னும் சிறுமி..."

எது கருங்கூந்தல்? எண்ணெய் காணாத தலை, தேங்காய் நார் மாதிரி இருந்தது. காற்றில் எப்படி அலைபாயும்? சிக்குப்பிடித்து ஒரே கட்டையாக நிற்கும். இந்த மாதிரி வார்த்தைகள் எங்கிருந்து என் கைக்கு வருகின்றன என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது: "செல்லம்மா மகள் நீலாவதியைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் உட்காரவைத்து, தலையைப் பிடித்து முழங்காலில் சாய்த்து..."

இதையும் முடிக்க முடியவில்லை. இது தொடக்கமே இல்லை. தினம் நடந்தது. தினம் நடப்பதற்கு எங்கே தொடக்கம் வைப்பது? பேசாமல் நடுவிலிருந்தே சொல்கிறேன்.

3

"ஆடாதே!"

"அரிக்குதும்மா."

"அரிக்காம என்ன செய்யும்? தலையில மல்லிப்பூவா வச்சிருக்கே?"

"நீ கீறுறே. எரியுது."

"நான் கீறலடி. நீ சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கி வச்சிருக்கே. கையை எடு. எடுன்னா!"

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வாசலில், வேலை முடிந்த மத்தியான வெளிச்சத்தில், செல்லம்மா பேன் சீப்பை இழுப்பாள். மடியில் விரித்த கோணித்துணியில் பேன் விழும். கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவாள். நசுக்கும்போதெல்லாம் "ஸ்ஸ்" என்பாள்.*

* கடிபட்டவள் அல்லவா "ஸ்ஸ்" சொல்ல வேண்டும், நசுக்குகிறவள் ஏன் சொல்கிறாள் என்று செல்லம்மாவைக் கேட்டேன். "சொல்லலேன்னா அது சாகாது" என்றாள். இதற்கு மேல் எனக்கு ஆராய்ச்சி தெரியாது.

லயத்தில் மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் மொட்டை. ஆணும் பெண்ணும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பேனுக்கு மருந்து இல்லாத காலத்தில் அதுதான் மருந்து. மண்ணெண்ணெய் கிடையாது. தேங்காய் எண்ணெயைக் கனவில் பார்க்கலாம். சவுக்காரத்துக்குப் பதில் சாம்பல். கோயில் வேப்பமரத்தில் கைக்கு எட்டும் இலை எல்லாம் பறித்தாகிவிட்டது. செல்லம்மாவும் அரைத்துத் தடவினாள், பேன்கள் அதைத் தின்று கொழுத்த மாதிரிதான் இருந்தது. மொட்டை போட்ட தலைகளை விட்டு வெளியேறிய பேன் எல்லாம், போக்கிடம் இல்லாமல், முடி இருந்த ஒரே தலைக்குக் குடிவந்தன.

அந்தத் தலையில் ஏன் கத்தி படவில்லை?

சன்னாசி. செல்லம்மாவின் புருஷன். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனபோது அவனையும் ஏற்றினார்கள். மூன்றே மாதம் என்றார்கள். லாரி போன அன்றே செல்லம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு தோட்டத்துக் காளியம்மன் முன்னால் போய் நின்றாள். "அவரு நல்லபடியா திரும்பினதும் இந்தப் பிள்ளை முடியை உனக்கு இறக்குறேன். அதுவரைக்கும் இதுல கத்தி படாது."

மூன்று மாதம் எப்போதோ போயிற்று. தோளில் இருந்த முடி இடுப்புக்கு இறங்கிவிட்டது. ஒரு சேதியும் இல்லை. செல்லம்மாவுக்கு அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்த முடிதான். இங்கே முடி இருக்கிறவரை அங்கே ஆள் இருக்கிறான். இங்கே கத்தி பட்டால்... (இதை அவள் என்னிடமும் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.)

4

சைதூன் பீவியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

மந்தினில் மளிகைக் கடை வைத்திருந்த ஷம்சுதீனின் மனைவி. கடையில் சரக்கு தீர்ந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் தோட்டத்து ஓரம் குடிசை போட்டு மரவள்ளி நட்டார்கள். செல்லம்மா சொன்னதில் இந்தப் பீவி இரண்டு இடத்தில்தான் வந்தாள். நான் எழுத எழுத எல்லா இடத்திலும் வந்து நிற்கிறாள். ஒரு தடவை அவள் வந்த வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தேன். கதை முழுக்க ஒரே அழுகையாகிவிட்டது. சரி, வந்து தொலை என்று மறுபடி கூப்பிட்டுக்கொண்டேன்.

"என்னா செல்லம்மா, இன்னிக்கு எத்தன உருப்படி?"

"நீங்க வேறக்கா. எண்ணினா கணக்கெழுதுற கிராணி உத்தியோகமே குடுத்திருவாங்க."

"எங்க ஊட்டு ஆளு கடையில இருந்தப்பகூட இப்புடி ஏவாரம் நடக்கல. எறக்கிரு புள்ள, முடியை எறக்கிரு. பச்சப் புள்ள தலையில ரத்தம் வடியுது."

"நேர்ந்த முடிக்கா."

"தெரியும். ஆயிரம் தடவ சொல்லிட்டே. அப்ப தூபா வேராவது வச்சுப் பாரு. மலாய்க்காரவுங்க ஆத்துல நசுக்கிப் போட்டா மீனெல்லாம் மெதக்குதுல்ல? பேனு எம்மாத்திரம்?"

செல்லம்மா சீப்பை இழுத்தாள். சைதூன் பீவி சொன்னது சரி. தூபா வேர் பேனைக் கொன்றிருக்கும், கதையும் இங்கேயே முடிந்திருக்கும், நானும் போய்ப் படுத்திருப்பேன். ஆனால் லயத்தில் வாழ முடியாதவர்கள் குடித்தது அந்த வேரைத்தான். எதிர் வரிசையில் ஒருத்தி குடித்துப் போய்ச் சேர்ந்ததைச் செல்லம்மா கண்ணால் பார்த்தவள். அதைக் கொண்டுவந்து பிள்ளையின் புண்ணில் தேய்ப்பாளா?

தேய்க்கவில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தாள்.

5

இதை வேறு ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ரப்பர் மரத்துக்கு நடுவில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

ரப்பரை வாங்க ஆள் இல்லாத காலம். பழைய புகைக்கூடத்தில் வீரமுத்து என்பவன் ரப்பர்த் தகடுகளைப் பீப்பாயில் போட்டு மூடி, கீழே தீ எரித்து, ஆவியைக் குழாயில் இறக்கி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தான். லாரிக்கு அதுதான், விளக்குக்கும் அதுதான். கறுப்பாக, கெட்ட நாற்றத்தோடு இருக்கும். ஆனால் எரியும்.

செல்லம்மா சிரட்டையோடு போய் நின்றாள்.

"எதுக்குக்கா?"

"விளக்குக்கு."

"விளக்குக்கு முந்தாநாள்தானே வாங்கிட்டுப் போனீங்க?"

"நீ எண்ணெய் எடுக்க வந்தியா, கேள்வி கேட்க வந்தியா? ஊத்து."

அவள் கணக்கு எளிது. மண்ணெண்ணெய் விளக்கில் எரியும், பேனையும் கொல்லும். இதுவும் விளக்கில் எரிகிறது. அப்படியானால்...

(இந்த இடத்தில் அவளைத் தடுத்து நிறுத்தலாமா என்று ரொம்ப நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். சைதூன் பீவியை அனுப்பலாம், மழையை அனுப்பலாம், நம் கையில்தானே இருக்கிறது. செல்லம்மா என்னிடம் சொல்லும்போது, "தடவினேன்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். நானும் தடுக்கவில்லை.)

தடவினாள். வேரிலிருந்து நுனிவரை தடவித் துணியால் இறுக்கிக் கட்டினாள். கட்டி முடிக்குமுன்னே நீலாவதி அலற ஆரம்பித்தாள். புண்ணெல்லாம் தீப்பிடித்த மாதிரி. துணியை அவிழ்த்தால் முடி துணியோடு வந்தது. சாம்பல் போட்டுக் கழுவினாள்; சாம்பலும் சேர்ந்து பிசினாகி, மொத்த முடியும் மரத்திலேயே உறைந்து வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் மாதிரி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. சீப்பு உள்ளே போனது. வெளியே வரவில்லை. பல் இரண்டு உடைந்து உள்ளேயே நின்றது.

அந்தக் கட்டிக்கு அடியிலிருந்து, நெற்றி ஓரத்தில், ஒரு பேன் நிதானமாக நடந்து வெளியே வந்தது.

செல்லம்மா அதைக் கொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

6

காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளை சாய்ந்து படுக்க முடியாமல் குப்புறப் படுத்து முனகினாள். கழுத்தில் நெறி கட்டியது. சைதூன் பீவி புருஷனுடைய சவரக் கத்தியோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"நவுரு."

"அக்கா, வேணாம்..."

"புள்ள போயிருச்சுன்னா அந்த முடியை யாருக்குடி குடுப்பே?"

"வாயைக் கழுவுங்கக்கா!"

"கழுவுறேன். தண்ணி கொண்டா. அந்தத் தண்ணியிலயே அவ தலையையும் நனை."

செல்லம்மா நகரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, யாரிடமோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி எழுந்து மூக்கைச் சிந்தினாள்.

"எங்கப்பனை எப்படிக்கா இந்த நாட்டுக்குக் கொண்டாந்தாங்க?"

"இப்ப எதுக்கு உங்கப்பன்?"

"ஆள் பிடிக்க வந்த கங்காணி முன்பணம் குடுத்தான். ஆள் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே குடுத்தான். வாங்கினதுக்கு அப்புறம் வரமாட்டேன்னு சொல்ல எங்கப்பனால முடிஞ்சுதா?"

சைதூன் பீவி கத்தியைக் கல்லில் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"செரைங்கக்கா" என்றாள் செல்லம்மா. தண்ணீர் எடுக்கப் போனாள்.*

* பீவி மழித்த முடி காளிக்கு ஆகுமா என்று இராஜமாணிக்கம் ஓரத்தில் எழுதி அனுப்பினார். கேட்க வேண்டியவள் காளி. அவள் கேட்கவில்லை. இவருக்கு என்ன?

7

"முடிவு என்னாச்சு? சன்னாசி வந்தாரா, இல்லையா? அதை எழுதுங்க அண்ணே, அதுதான் கதை" என்கிறார் இராஜமாணிக்கம். என் உயிரை வாங்குகிறார். சரி, எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சண்டை முடிகிறது. எலும்பும் தோலுமாக ஒருவன் லயத்து முனையில் நிற்கிறான். செல்லம்மா கையிலிருந்த...

எழுத நன்றாகத்தான் வருகிறது. ஆனால் போனவர்களில் திரும்பாதவர்கள் வீடு எங்கள் தோட்டத்திலேயே எத்தனை? மலர் அந்த வீடுகளுக்கும் போகும். மறுநாள் அவர்களோடு மரம் வெட்டப் போக வேண்டியவன் நான்.

இரண்டு: அவன் வரவே இல்லை.

அப்படி எழுதினால் படிக்கிற உங்களில் பத்துப் பேராவது, "வேண்டுதலை முடிக்குமுன்னே முடியை இறக்கினாள் அல்லவா, அதான்" என்பீர்கள். செல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது படித்துக் காட்டுவார்கள். அந்தப் பழியைச் சுமத்த நான் பேனா பிடிக்கவில்லை.

மூன்று: எல்லாம் கனவு.

போடா போ.

எனக்கு உண்மை தெரியும். செல்லம்மாதான் சொன்னாளே. ஆனால் கதை நடக்கிற அந்த மத்தியானத்தில் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாததை உங்களுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்த மத்தியானம்வரைதான் என்னால் வர முடியும்.

8

பிசின் கட்டியாக இருந்த முடியைச் செல்லம்மா வாழை இலையில் ஏந்திக்கொண்டு போனாள். பிள்ளை பின்னால் நடந்தாள். சைதூன் பீவி கோயிலுக்கு வெளியே, ரப்பர் மரத்தடியில் நின்றுகொண்டாள்.

பூசாரி இல்லை, அவரும் சயாமில்தான். செல்லம்மாவே இலையைக் காளியின் காலடியில் வைத்தாள். கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்தாள்.

"இந்தா. ஆளு வர்றதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன். வாங்கிட்டே. இனிமே கொண்டாந்து சேர்க்குறது உன் பொறுப்பு. என்னைத் திரும்பக் கேட்க வைக்காதே."

போகத் திரும்பியவள் மறுபடி வந்து நின்றாள்.

"பேனையெல்லாம் எடுக்கல. அதோடதான் வச்சிருக்கேன். உனக்கும் அரிக்கட்டும். அரிக்கிறப்பவாவது எங்க ஞாபகம் வரட்டும்."

வெளியே வந்ததும் சைதூன் பீவி, "என்னா புள்ள, சாமிகிட்டயும் சண்டையா?" என்றாள்.

"சண்டை இல்லக்கா. பேசி முடிச்சிருக்கேன்."

நீலாவதி தன் தலையைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கங்கே புண், அங்கங்கே சாம்பல், காதுகள் இரண்டும் பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தன. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. ஆனால் கை சொறியவில்லை, தடவத்தான் செய்தது.

"அம்மா."

"என்னடி?"

"அப்பா வந்தா என்னை அடையாளம் தெரியுமா?"

செல்லம்மா என்ன சொன்னாள் என்று அவளைக் கேட்டேன். "உனக்கு ஒரு பிள்ளை இருந்து, அது கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். நான் எத்தனையோ எழுதிப் பார்த்தேன், ஒன்றும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இல்லை.

நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். பிள்ளை வெயிலில் நிற்கிறாள்.